ஒரே கல்லின் முன் ஐம்பது நிமிஷம்: ஹேவ்லாக்கில் ஓர் இரவு டைவ்

இரவில் கடலுக்குள் இறங்க வேண்டும் என்று டைவ் கடைகளில் சொன்னால், இதுவரை எத்தனை டைவ் முடித்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் நான் போன இந்தக் கடையிலும் கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள். அப்புறம் இன்னொரு கேள்வியும் வந்தது. "கீழே என்னண்ணே பார்க்கணும்?"

பவளம் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்றேன். அந்தத் தம்பி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "நாளைக்கு வேணாம், நாளன்னிக்கு வாங்க. தேய்பிறை, நிலா நடுராத்திரிக்கு மேலதான் வரும். தண்ணி ஓட்டமும் அன்னிக்கு மட்டா இருக்கும்" என்றார். காசை முதலில் வாங்கிப் போடாமல் நாளைத் தள்ளி வைத்த கடை அது. எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. போன வருஷம் இதே தீவில் வேறொரு கடையுடன் இரவு டைவ் போய் மனம் நொந்து வந்தவன் நான். அதையும் சேர்த்தே எழுதுகிறேன். சின்னத் தீவு, ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றது எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். என்ன கேட்க வேண்டும், என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். அதை வைத்து நல்ல கடையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

நான் வேலூர்க்காரன். யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டு வேலையில் ஆய்வக நுட்புநராக இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். எங்கள் வேலை ராத்திரி வேலை. யானைக்கால் புழுவின் குஞ்சுகளான மைக்ரோபைலேரியா பகலில் நுரையீரல் பக்கத்து ரத்தக்குழாய்களில் ஒதுங்கிக் கிடக்கும். ராத்திரியில்தான் விரல் நுனி ரத்தம் வரைக்கும் வரும். அதைப் பரப்புகிற கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் அந்த நேரத்தில்தான். அதனால் ஊர் சாப்பிட்டு அடங்கிய பிறகு, சைதாப்பேட்டை, கொசப்பேட்டை, சலவன்பேட்டை என்று தெருத்தெருவாகப் போய்க் கதவைத் தட்டி, தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்துவோம். பகலில் குத்தினால் சிலைடில் ஒன்றுமே இருக்காது. அதே ஆள், அதே விரல்தான். நேரம் மாறினால் சிலைடும் மாறிவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு என் மகள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். "அப்பா, பவளமும் உங்க பைலேரியா மாதிரிதான். ராத்திரிதான் வெளியே வரும்." அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஐம்பத்தொன்பது வயதில் புதுச்சேரிக்குப் போய் டைவிங் கற்றேன். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் குடியாத்தம் பக்கம் மாமா வீட்டுக் கிணறுதான். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி அதில் நீந்தக் கற்றேன்.

நம் ஊரில் பவளம் என்றால் மோதிரக் கல். செவ்வாய்க்காகப் போடுவது. அந்தச் சிவப்புக் கல்லும் ஒரு கடல் உயிரின் கூடுதான், ஆனால் மத்தியதரைக்கடல் பக்கத்துப் பிராணி. பாறை கட்டுகிற பவளம் வேறு. அதன் மேலே தோல் மாதிரி படர்ந்திருப்பது ஆயிரக்கணக்கான குட்டி வாய்கள். ஒவ்வொன்றும் ஒரு பாலிப். வாயைச் சுற்றி விரல்கள் இருக்கும். கல் பவளங்களில் இந்த விரல்கள் ஆறின் மடங்கில் வரும், மென்பவளங்களில் எட்டு. டென்டக்கிள் என்பார்கள், நான் விரல் என்றே எழுதுகிறேன்.

பகலில் இவை பெரும்பாலும் மூடிக்கொள்ளும். உடம்புக்குள்ளேயே குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலில் சர்க்கரை செய்து தரும். சில பவளங்களுக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரைக்கும் இப்படியே கிடைத்துவிடுகிறது. ஆனால் சர்க்கரையை மட்டும் தின்று உடம்பை வளர்க்க முடியாது. நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். அதற்கு இரை பிடித்தாக வேண்டும். இருட்டியதும் மணலிலும் பாறை இடுக்கிலும் பதுங்கியிருந்த நுண்ணிய இறால்களும் புழுக்களும் நீரில் எழும்பும். ஆழத்திலிருந்தும் மிதவை உயிரிகள் மேலே வரும். விரல் நுனியைக் கொறிக்கிற வண்ணத்துப்பூச்சி மீன்களும் அப்போது தூங்கப் போயிருக்கும். பவளம் கடை திறக்கிற நேரம் அதுதான்.

போன வருஷத்துக் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆறு பேருக்கு ஒரே டைவ் மாஸ்டர். கீழே இறங்கியதிலிருந்து ஓட்டம். ஒரு இடத்தில் பத்து வினாடி நின்றால் அடுத்த இடத்தில் டார்ச் மின்னும், வா வா என்று. அவர் கையில் இரும்புக் குச்சி ஒன்று. எதைக் காட்டினாலும் அந்தக் குச்சியைப் பவளத்தின் மேலேயே ஊன்றிக் காட்டினார். ஊன்றிய இடத்தில் சதை கிழிந்து வெள்ளையாகத் தெரிந்ததை நான் பார்த்தேன். எல்லோர் கையிலும் பளீரென்ற வெள்ளை டார்ச். அந்த வெளிச்சம் பட்ட மாத்திரத்தில் விரல்கள் உள்ளே போய்விடும். ஆறு டார்ச் ஒரே பாறை மேல் விழுந்தால் என்ன பார்க்க முடியும்? பாதி வழியில் என் டார்ச் அணைந்துவிட்டது. மாற்று டார்ச் கொடுக்கவில்லை. இருபத்தைந்து நிமிஷத்தில் மேலே வந்துவிட்டோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குத்தின விரல்களையெல்லாம் பகலில் குத்திவிட்டு வந்த மாதிரி இருந்தது.

இப்போது இந்தக் கடை. நான்கைந்து விஷயங்கள் இவர்கள் செய்ததை வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

முதலாவது, இரவு இறங்கப்போகிற அதே பாறைக்கு அன்று மத்தியானமே ஒருமுறை கூட்டிப்போனார்கள். கரையிலிருந்தே நடந்து இறங்குகிற இடம், ஆழம் ஒன்பது மீட்டர்தான். பகல் டைவுக்குத் தனியாகக் காசு உண்டு, ஆனால் கட்டாயப்படுத்தவில்லை. நீங்கள் போனால் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு மூளைப் பவளம். பகலில் பார்த்தால் ஆம்பூர் மண்டியில் சுருக்கம் விழுந்து கிடக்கும் ஆட்டுத்தோல் போல, மேடும் பள்ளமுமாக, உயிர் இருப்பதே தெரியவில்லை. அதன் கீழே நிழலான இடுக்கில் ஆரஞ்சு நிறக் கட்டிகள், மூடிய பொத்தான்கள் மாதிரி. "இதை ஞாபகம் வெச்சுக்கங்கண்ணே" என்று தம்பி ஸ்லேட்டில் எழுதிக் காட்டினார். பகலில் பார்த்திருக்காவிட்டால் ராத்திரி பார்த்ததன் அருமை எனக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.

அந்த டைவிலேயே என்னை அந்தரத்தில் நிற்கப் பழக்கினார். கையையும் காலையும் ஆட்டாமல், மூச்சை இழுத்தால் ஒரு சாண் மேலே, விட்டால் ஒரு சாண் கீழே. இருபது நிமிஷம் இதையே செய்தோம். பாறைக்கு முன்னால் நிற்பவனுக்கு இது வராவிட்டால் தடுமாறிப் பவளத்தின் மேல்தான் கை ஊன்றுவான்.

அடுத்தது கண். எனக்கு வெள்ளெழுத்து. அரிசி முனை அளவு வாயைப் பார்க்க வேண்டிய டைவுக்கு இது பெரிய பிரச்சினை. அவர்களிடம் மாஸ்க் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் தடவி ஒட்டுகிற மெல்லிய லென்ஸ் இருந்தது. பிளஸ் இரண்டரை ஒட்டித் தந்தார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் பதிவு செய்யும்போதே இதைக் கேளுங்கள். என் பணத்துக்கு முழு மதிப்பு கிடைத்தது இந்த லென்ஸால்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

அந்தமான் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது, ஆனால் கடிகாரம் நம் கடிகாரமேதான். ஜனவரியில் ஐந்தேகாலுக்கே சூரியன் விழுந்துவிடுகிறது. ஆறு மணிக்கு நல்ல இருட்டு. இறங்குவதற்கு முன் விளக்கம் தெளிவாக இருந்தது. டார்ச்சால் வட்டம் போட்டால் எல்லாம் சரி. வேகமாக இடவலம் ஆட்டினால் ஏதோ பிரச்சினை. யார் முகத்திலும் அடிக்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு டார்ச், சிலிண்டரில் ஒரு சின்ன மினுக்கு விளக்கு. நானும் என் மகளும் அந்தத் தம்பியும், மூன்றே பேர். டார்ச்சின் முகத்தில் சிவப்பு மூடி. சிவப்பு வெளிச்சம் நீரில் தூரம் போகாது, ஆனால் ஒரு முழத்துக்குள் போதும். வெள்ளை வெளிச்சத்துக்குச் சுருங்குகிற பவளம் இதற்கு அவ்வளவாகச் சுருங்குவதில்லை.

பாறைக்கு முன்னால் வந்து நின்றதும் முதல் ஐந்து நிமிஷம் டார்ச்சை மணல் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். இருட்டில் மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம் மெல்ல ஓரமாக வெளிச்சத்தைக் கொண்டுவந்தார்.

மத்தியானம் பார்த்த ஆட்டுத்தோல் அங்கே இல்லை. ஒவ்வொரு பள்ளத்தின் ஓரத்திலும் கண்ணாடி போன்ற விரல்கள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. விரலின் நுனியில் ஊசி முனையளவு வெள்ளைப் பொட்டு. கொட்டும் செல்கள் கூட்டமாக இருக்கும் இடம் அதுதான் என்று மகள் சொல்லியிருந்தாள். பாறை முழுக்க மயிர் முளைத்தது போல ஆகியிருந்தது. கீழே இடுக்கில் இருந்த ஆரஞ்சுப் பொத்தான்கள் எல்லாம் விரிந்துவிட்டன. நேதாஜி மார்க்கெட்டில் விடியற்காலையில் கூடையோடு கொட்டிய சாமந்தி, அப்படியொரு மஞ்சள். சன் கோரல் என்று கடையில் சொல்கிறார்கள், டியூபாஸ்ட்ரியா என்பது அதன் பெயர். இதற்கு உள்ளே பாசி கிடையாது, அதனால் வெயில் சோறு போடாது. பிடித்துத் தின்றால்தான் பிழைப்பு.

நான் அந்த மஞ்சள் பூக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் எதிரிலேயே நின்றேன். சிலைடில் ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு அதை முடிக்காமல் அடுத்ததுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வேலைப் பழக்கம்.

விரல் நகத்தின் நீளத்தில், நூல் மாதிரி ஒரு புழு நெளிந்துகொண்டே வந்தது. ஒரு விரலில் பட்டது. பட்டதும் ஒட்டிக்கொண்டது. புழு துள்ளியது, துள்ளியதில் இரண்டாவது விரலிலும் பட்டது. அப்புறம் மூன்று, நான்கு. துள்ளல் அடங்கிவிட்டது. அந்த நான்கு விரல்களும் அவசரமே இல்லாமல் உள்பக்கம் மடிந்தன, நாம் சோற்றுக் கவளத்தை உள்ளங்கையிலிருந்து விரலுக்கு உருட்டிக் கொண்டுவருகிற மாதிரி. நடுவில் இருந்த வாய் அதுவரை ஒரு கோடுதான். இப்போது அது உதடு வைத்துத் தூக்கிக்கொண்டு எழும்பி வந்தது. புழுவின் நடுப்பகுதி முதலில் உள்ளே போனது, இரண்டு முனைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பிறகு அவையும் போயின. கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டரில் பார்த்தேன், பட்டதிலிருந்து மூடியது வரை இரண்டு நிமிஷம் நாற்பது வினாடி. விரல்கள் மறுபடி விரிந்தன, அடுத்ததுக்கு.

மூளைப் பவளத்தில் இது இன்னும் நிதானம். சில இரைகள் விரலில் சிக்காமல், மேலே படிந்த கோழையில் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல வாய்ப்பக்கம் நகர்ந்தன. கண்ணுக்குத் தெரியாத ரோமங்கள் தள்ளுகின்றன. பக்கத்துப் பக்கத்து பாலிப்கள் திசுவால் இணைந்திருப்பதால் ஒரு வாய் தின்ற சத்து அண்டை வாய்க்கும் போய்ச் சேரும் என்பதை நினைத்துக்கொண்டு பார்க்கப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது. உள்ளே போன வழியே சக்கையும் வெளியே வரும், வேறு வழி கிடையாது.

பாறையின் இடது ஓரத்தில் இன்னொரு வகைப் பவளம் ஒட்டி வளர்ந்திருந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை நூல்கள் பிதுங்கிக் கிடந்தன. இதுவும் சாப்பாடுதான் என்று நினைத்துத் தம்பியைப் பார்த்தேன். ஸ்லேட்டில் எழுதினார்: "எல்லைச் சண்டை." வயிற்றுக்குள் இருக்கிற செரிமான இழைகளையே வெளியே நீட்டி, பக்கத்துக்காரனின் சதையை அங்கேயே கரைக்கிறது. இடம் பிடிக்கிற சண்டை. வரப்புத் தகராறு பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஒரு விஷயத்துக்காகத் தம்பியை மனதாரப் பாராட்ட வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை என் டார்ச்சைக் கையால் மூடி மணலுக்குத் திருப்பினார். ஏன் என்று மேலே வந்தபின் கேட்டேன். "லைட்டுக்குப் புழு கூட்டமா வரும்ண்ணே. அப்புறம் அது தானா பிடிக்கிற இரை இல்ல, நாம ஊட்டுற இரை. லைட்டு வெளிச்சத்துல சிங்கமீன் வேட்டைக்கும் வந்துரும், சின்ன மீன் பாவம்." போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, தாத்தா ராமநாதபுரத்திலிருந்து போனவராம். 2010-இல் அந்தமான் கடல் சூடாகிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். வெளுப்பது என்றால் உள்ளிருக்கும் பாசி போய்விடுவது, வெயில் சாப்பாடு நின்றுவிடுவது. ஹவாயில் செய்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், வெளுத்த பவளங்களில் ஓர் இனம் இரவு இரையை வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பிடித்துத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டதைக் கண்டார்கள். எல்லா இனத்துக்கும் அது முடியவில்லை. நான் பார்த்த அந்த இரண்டு நிமிஷம் நாற்பது வினாடி, கெட்ட வருஷத்தில் உயிர் பிழைக்கிற வழி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்த இரும்புக் குச்சியை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

1928-29இல் பிரிட்டிஷ் கடல் விலங்கியலாளர் சி. எம். யோங் தலைமையில் ஒரு குழு ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபில் லோ தீவுகளில் தங்கி, பவளம் என்ன தின்கிறது என்று பார்த்தார்கள். பவளம் முழு ஊன் உண்ணி, பாசியிடமிருந்து அதற்குச் சாப்பாடு வருவதில்லை என்பது யோங்கின் முடிவு. பாசி தருகிற பங்கு பிற்பாடுதான் நிரூபணமானது. ஆனால் அந்த மஞ்சள் பூவின் முன்னால் நின்றவனுக்கு அவர் ஏன் அப்படி நினைத்தார் என்பது நன்றாகவே புரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெட்சூட் பழையது, முதுகு ஜிப் பாதியில் சிக்கி, இரண்டு பேர் இழுத்துத்தான் ஏறியது. வாடகைக் கேமரா கிட்டத்தில் ஃபோகஸ் பிடிக்கவில்லை, ஐம்பது நிமிஷத்தில் உருப்படியாகக் கிடைத்தது ஒரே ஒரு துண்டு. விளக்கத்தை முதலில் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் ஆரம்பித்தார்கள், கேட்ட பிறகுதான் தமிழுக்கு வந்தார்கள். நனைந்து வந்தால் உடை மாற்ற ஒரே அறை. பெண்கள் காத்திருக்க வேண்டியிருந்தது, இதை அவர்கள் உடனே சரிசெய்ய வேண்டும்.

இரவு டைவுக்கு ஆளுக்கு 6,500 ரூபாய் கொடுத்தேன். வேலூரிலிருந்து போகிறவர்களுக்கு: காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை, அங்கிருந்து போர்ட் பிளேருக்கு விமானம், பிறகு கப்பல். போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்றும், ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் த்வீப் என்றும் பெயர், டிக்கெட்டில் குழம்ப வேண்டாம். டைவ் முடித்து ஒரு முழு நாள் போன பிறகே திரும்பும் விமானம் ஏறுங்கள். வயதானவர்கள் கிளம்பும் முன் ஊரிலேயே டாக்டரைப் பார்த்து ஈ.சி.ஜி. எடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே போய் அலைய வேண்டாம். ராமேஸ்வரம் பக்கம் போகக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. நினைத்தவுடன் இறங்கிவிட முடியாது, அப்படி இருப்பதே நல்லது. ஷோகேஸில் வைக்க ஒரு பவளத் துண்டு கொண்டு வா என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. செத்த துண்டாக இருந்தாலும் எடுத்து வருவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அவர்களிடம் அதைச் சொன்னேன்.

முன்பதிவுக்குப் பேசும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரே பாறையில ஐம்பது நிமிஷம் நிற்க விடுவீங்களா?" பதில் வருவதற்கு முன் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் அந்த ஒரு துண்டு வீடியோவை என்னோடு வேலை பார்த்த நண்பரிடம் காட்டினேன். தோட்டப்பாளையத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, போனைக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு மூன்று தடவை பார்த்தார். விரல்களை எண்ணினார். புழு உள்ளே போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு எடுத்தது?" என்றார்.

"ஆறே முக்கால்."

"நம்ம ஆளுங்க பத்து மணிக்கு மேலதான் வருவாங்க" என்று சொல்லிவிட்டு, நான்காவது தடவையாக ஓட விட்டார்.